கோடவுனில் கிடந்த ஊர்கள்: கர்ட் டைக் கம்பெனியின் படக்கார்டுகள்



தமிழில் அச்சு வரலாறு பேச ஆரம்பித்தால் தரங்கம்பாடியில் தொடங்கிப் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறோம். ஆனால் எந்த ஊர் அச்சகத்துக்குள் நுழைந்து பார்த்தாலும் அங்கே ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் புத்தகமாக இருக்காது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தீப்பெட்டி லேபிள், காலண்டர், கருமாதிப் பத்திரிகை. நூலகத்தின் வாசலை மிதிக்காத இந்த அச்சுதான் அச்சுக்காரர் வீட்டில் உலை வைத்தது. அப்படி ஒரு பொருளை அச்சடித்தே எண்பது வருடம் நின்ற ஒரு குடும்பக் கம்பெனியைப் பற்றி இன்று பேசலாம் என்று இருக்கிறேன். பொருள், படம் போட்ட தபால் கார்டு. ஊர், சிகாகோ. கம்பெனியின் பெயர் கர்ட் டைக் அண்ட் கம்பெனி. 1898இல் தொடங்கி 1978இல் மூடிய நிறுவனம்.

ஏன் இந்தக் கம்பெனி என்று கேட்கலாம். இவர்கள் விற்ற படங்களை நம்பி எந்த ஊரின் வரலாற்றையும் எழுத முடியாது. ஆனால் இவர்கள் விற்காமல் கோடவுனில் போட்டு வைத்திருந்த காகிதங்களைக் கொண்டு எழுதலாம். விற்ற படத்துக்கும் போட்டு வைத்த காகிதத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் கார்டின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எமானுவல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் யோசனையை ஏற்று, ஆஸ்திரிய ஹங்கேரி அஞ்சல் துறை 1869 அக்டோபர் 1ஆம் தேதி முதல் தபால் கார்டை வெளியிட்டது. இரண்டு வரி எழுத ஒரு முழுக் கடிதத்தின் செலவு எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி. இங்கே 1879இல் வந்தது, விலை காலணா. நம் வீடுகளில் வெகுகாலம் அது காலணா கார்டு என்றே வழங்கியது. அரசாங்கம் போட்ட அந்தக் கார்டில் படம் கிடையாது. படம் போடுகிற வேலையைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஜெர்மனிக்காரர்களை அடிக்க ஆளில்லை. லைப்சிக், டிரெஸ்டன், பெர்லின் அச்சகங்களில் ஒரே படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்து அடித்த வண்ணக் கல்லச்சு உலகமெங்கும் போயிற்று. சென்னையில் வீலே அண்ட் க்ளைன் என்ற ஜெர்மானியர்களின் ஸ்டூடியோ எடுத்த மவுண்ட் ரோடு படங்கள்கூட ஜெர்மனிக்குப் போய் அச்சாகித்தான் திரும்பி வந்து இங்கே விற்றன. அன்றைய உலகத்தின் படக்கார்டு வணிகத்தில் பெரும்பங்கு ஒரு சில ஜெர்மானிய நகரங்களின் கையில் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் 1898 மே மாதம் ஒரு சட்டம் வந்தது. அதுவரை தனியார் அச்சடித்த கார்டில் செய்தி எழுதி அனுப்ப 2 சென்ட். அரசு கார்டுக்கு 1 சென்ட். சட்டம் இரண்டையும் ஒரே 1 சென்ட் ஆக்கிற்று. ஆனாலும் முகவரிப் பக்கத்தில் முகவரி தவிர வேறெதுவும் எழுதக் கூடாது. எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில், வானத்தின் மேல், ஏரித் தண்ணீருக்குள் என்று இடம் பார்த்துக் கிறுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்டுகளில் மாதா கோயில் கோபுரத்தின் குறுக்கே நலம் நலமறிய ஆவல் போயிருப்பதைப் பார்க்கலாம். 1907 மார்ச்சில் முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ஒரு பாதியைச் செய்திக்குக் கொடுத்தார்கள். படம் முழுப் பக்கத்துக்கும் பரவியது. அதற்குப் பிறகுதான் வெள்ளம். 1908 ஜூன் வரையான ஒரு நிதியாண்டில் அமெரிக்கத் தபாலில் போன கார்டுகள் 67 கோடிக்கு மேல். அப்போது நாட்டின் மக்கள்தொகை ஒன்பது கோடியை எட்டவில்லை. டெலிபோன் பெரும்பாலான வீடுகளுக்கு வராத காலம், கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு அப்போதுதான் பரவிய காலம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

இந்த வெள்ளத்துக்கு முன்பே கரையில் வந்து நின்றவர் கர்ட் ஓட்டோ டைக். 1877இல் ஜெர்மனியில், துரிங்கியாவின் கிரைட்ஸ் என்ற ஊரில், அச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியிலேயே தொழில் பழகினார். 1895இல், பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அண்ணன் மாக்ஸ் ஏற்கெனவே சிகாகோவில் இருந்தார். வந்த இடத்தில் கர்டுக்குக் கிடைத்தது அச்சகத்தில் எடுபிடி வேலை. தொழில் தெரிந்தவன் வேறு நாட்டில் போய் மை துடைப்பது புதிய செய்தி அல்ல, இன்றும் நடப்பதுதான். மூன்று வருடம் பொறுத்துவிட்டு 1898இல் தன் பெயரிலேயே அச்சகம் போட்டார். ஆரம்பத்தில் பத்திரிகைகளுக்கும் கடைக்காரர்களுக்கும் கிடைத்த வேலையெல்லாம் அடித்தார். படக்கார்டு கொஞ்சம் பிறகு வந்தது.

வந்த விதம் சுவையானது. அவர் ரயிலேறி ஊர் ஊராகப் போனார். இறங்கிய ஊரின் கடைத்தெருவைப் போட்டோ எடுத்தார். அந்த ஊர் மருந்துக்கடைக்காரரிடம், ஓட்டல்காரரிடம், சில்லறைச் சாமான் விற்பவரிடம் போய், உங்கள் தெருவையே கார்டாக அடித்துத் தருகிறேன், இத்தனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆர்டர் பிடித்தார். அடுத்த ரயிலில் அடுத்த ஊர். இதற்கு முன் படக்கார்டு என்றால் நயாகரா, நியூயார்க், பெரிய பாலம், பெரிய தேவாலயம். ஊர் பேர் தெரியாத ஒரு சின்னச் சந்திப்பில், நாலு கடையும் ஒரு வங்கியும் உள்ள தெருவுக்கும் கார்டு விற்கும் என்று கண்டுபிடித்ததுதான் டைக்கின் வியாபாரம். அந்தத் தெருவை உலகத்தில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊர்க்காரன் வாங்குவான். வந்து போகிற உறவுக்காரன் வாங்குவான். இது கலைஞனின் புத்தியோ பதிப்பாளனின் புத்தியோ இல்லை, ஜாப் அச்சகம் நடத்துகிறவனின் புத்தி. ஆர்டர் கையில் இல்லாமல் மிஷின் ஓடக் கூடாது என்று தெரிந்தவனின் புத்தி.

1909இல் அமெரிக்க அரசு இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. ஜெர்மன் கார்டுக்கு விலை ஏறியது. உள்நாட்டு அச்சகங்களுக்கு வாசல் திறந்தது. ஜெர்மனியில் தொழில் படித்த ஒருவர் ஜெர்மன் சரக்கின் இடத்தைப் பிடிக்க அமெரிக்கச் சட்டம் உதவியது. டைக் சிகாகோவின் இர்விங் பார்க் ரோட்டில் பெரிய தொழிற்சாலை கட்டினார். கல்லச்சை விட்டு ஆஃப்செட்டுக்குப் போனவர்களில் முன்வரிசையில் இருந்தார். இங்கே அச்சுத்துறை மாணவர்கள் இருப்பதால் விரித்துச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி. கல்லிலிருந்து நேராகக் காகிதத்துக்கு மை போகாமல், உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும் ரப்பரிலிருந்து காகிதத்துக்கும் போகிறது. ரப்பர் மென்மையானது, முரட்டுக் காகிதத்திலும் படம் நன்றாக உட்காரும், வேகமும் அதிகம். ஒரே தாளில் பல ஊர்களின் கார்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே ஓட்டத்தில் அடித்து வெட்டிப் பிரிக்கலாம். ஒரு தாளில் 32 கார்டு. ஒரு மருந்துக்கடைக்காரரின் சின்ன ஆர்டருக்குத் தனியாக மிஷினை ஓட்டினால் கட்டுப்படியாகாது. முப்பத்திரண்டு பேரைச் சேர்த்து ஓட்டினால் ஆகும். நம்மூரில் விசிட்டிங் கார்டு அடிப்பவர்கள் இன்று செய்வது இதையேதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு படக்கார்டு மோகம் தணிந்தது. பல கம்பெனிகள் போயின. அன்றைக்கு மிகப் பெரிய பெயராக இருந்த டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி 1924இல் கடன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. டெட்ராய்ட்காரர்களின் கார்டை எடுத்துப் பார்த்தால் அழகு டைக்கினுடையதைவிடப் பல மடங்கு மேல் என்பது என் எண்ணம். சுவிட்சர்லாந்திலிருந்து உரிமை வாங்கி வந்த போட்டோக்ரோம் முறை, வில்லியம் ஹென்றி ஜாக்சன் போன்ற புகைப்படக்காரர், எல்லாம் இருந்தன. ஆனால் தங்கள் பட்டியலில் உள்ள அழகான காட்சியை அடித்து வைத்து வாங்குபவனுக்காகக் காத்திருக்கும் வியாபாரம் அது. டைக்கிடம் காத்திருப்பு இல்லை. வாங்குபவன் சொன்ன பிறகுதான் அடித்தார்.

1931இல் வந்தது கம்பெனிக்கு நிலையான பெயர் வாங்கித் தந்த சரக்கு. ஆர்ட் கலர்டோன் என்று பெயர் வைத்தார்கள். சேகரிப்பவர்கள் அதை லினன் கார்டு என்பார்கள். துணி அல்ல, காகிதம்தான். மேற்பரப்பில் நெய்த துணி போலக் குறுக்கும் நெடுக்கும் மேடு பள்ளம் அழுத்தியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். இந்த மேடு பள்ளத்தால் மை சீக்கிரம் காய்ந்தது. பளிச்சென்ற மைகளை அடர்த்தியாகப் பூச முடிந்தது. விலையும் கட்டுப்படியானது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. வேலை இல்லை, ரொட்டிக்கு வரிசை நின்றது. அந்த வருடங்களில்தான் அமெரிக்காவின் தெருக்கள் கார்டில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பிரகாசமாயின. வானம் ஒரே நீலம், அடிவானத்தில் ரோஜா நிறம், புல் எல்லாம் பச்சை, கார் எல்லாம் புதுசு. 1933இல் சிகாகோவில் நடந்த நூற்றாண்டு முன்னேற்றக் கண்காட்சி இந்தக் கார்டுக்கென்றே கட்டியது போல வண்ண வண்ணமாக இருந்தது. கம்பெனி அதை விடாமல் அடித்துத் தள்ளியது. நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்கள், சாப்பாட்டுக் கடைகள், பெட்ரோல் பங்க்குகள் கார்டு போட்டு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தன. ஊரின் பெயரைப் பருத்த எழுத்துகளில் போட்டு, ஒவ்வொரு எழுத்தின் வயிற்றுக்குள்ளும் அந்த ஊரின் ஒரு காட்சியை அடைத்த கார்டைப் பழைய அமெரிக்கப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் பெரும் உற்பத்தியாளர் டைக் கம்பெனிதான்.

இந்த வண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இப்போது வருவோம். கேமராவிலிருந்து வரவில்லை. போட்டோ கறுப்பு வெள்ளைதான். கம்பெனியின் விற்பனையாள் ஊருக்குப் போய்ப் படம் எடுப்பார், அல்லது கடைக்காரரே ஒரு படம் கொடுப்பார். அந்தப் படத்தின் மேல் மெல்லிய தாளைப் போர்த்தி, கட்டடம் என்ன நிறம், கூரை என்ன நிறம், விளம்பரப் பலகை என்ன நிறம் என்று குறித்து அனுப்புவார்கள். ஓட்டல்காரர் தன் சாப்பாட்டுக் கூடத்துத் திரைச்சீலையில் ஒரு துண்டை வெட்டி உறைக்குள் வைத்து அனுப்புவார். தரை விரிப்பின் துணுக்கும் சுவர்க் காகிதத்தின் கிழிசலும் வரும். சிகாகோவில் உட்கார்ந்திருக்கும் ஓவியர் அந்த ஊரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். துணுக்கைப் பார்த்து நிறம் கட்டுவார். எதுவும் சொல்லாத இடத்தில் தன் வழக்கப்படி வானம் போடுவார்.

நிறத்தோடு நின்றால் பரவாயில்லை. கடைக்காரர்களின் கடிதங்களில் வேறு கட்டளைகளும் இருக்கும். தந்திக் கம்பத்தை எடுத்துவிடு. கம்பியை அழித்துவிடு. வாசலில் நிற்கும் ஆட்களை எடு. பழைய மாடல் காரை எடுத்துப் புதிய மாடல் போடு. தெருவைச் சுத்தம் செய். பக்கத்துக் கடைப் பலகையை மங்கலாக்கு. பகலில் எடுத்த படத்தை இரவாக்கு. இந்தக் கடைசிக் கட்டளை அடிக்கடி வந்தது. ஓவியர் வானத்தைக் கருநீலமாக்கி, ஒரு நிலாவைத் தொங்கவிட்டு, சன்னல் ஒவ்வொன்றிலும் மஞ்சள் விளக்கேற்றுவார். சில வருடம் கழித்து அதே கார்டுக்கு மறு ஆர்டர் வந்தால், கட்டடம் அப்படியே இருக்கக் கார்களை மட்டும் மாற்றிவிடுவார்கள். ஆக, கார்டில் உள்ள காரை வைத்துப் படம் எடுத்த வருடத்தைச் சொல்லக் கிளம்பினால் ஏமாந்து போவோம். நம் கல்யாண ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்கிறவர் மாப்பிள்ளையின் முகத்துக்கு என்ன செய்தாரோ அதைத்தான் இவர்கள் ஒரு நாட்டின் முகத்துக்குச் செய்தார்கள்.

இதைப் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. தன் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் ஆசைப்பட்டார் என்பதும் ஒரு செய்திதான். சிக்கல் என்னவென்றால், கார்டை மட்டும் பார்ப்பவருக்கு எது ஊர், எது ஆசை என்று பிரிக்கத் தெரியாது.

பிரிக்க முடிந்ததற்குக் காரணம் கம்பெனியின் ஒரு பழக்கம். அடித்த ஒவ்வொரு கார்டிலும் ஒரு பிரதியை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த வேலைக்கு வந்த மூலப் போட்டோ, குறிப்புத் தாள், கடிதம், துணித் துண்டு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வரிசையாக அடுக்கினார்கள். எண் கார்டிலும் அச்சாகியிருக்கும். லினன் கார்டுகளில் முதலில் ஓர் இலக்கம், அடுத்து ஓர் எழுத்து. ஏ என்றால் 1930கள், பி என்றால் 1940கள், சி என்றால் 1950கள். 5ஏ என்று இருந்தால் 1935. அதையடுத்து வரும் ஹெச் என்ற எழுத்து ஆர்ட் கலர்டோன் வகையைக் குறிக்கும். பிறகு வரிசை எண். கார்டு தீர்ந்துபோன கடைக்காரர் எண்ணைச் சொல்லி மறு ஆர்டர் கொடுத்தால் உடனே உறையை உருவ வேண்டும், அதற்கான ஏற்பாடு இது. வருங்கால ஆய்வாளனை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. அதனால்தான் இதன் மேல் எனக்கு நம்பிக்கை. வரலாற்றுக்காக என்று சேர்த்து வைப்பவர் எதை வைக்கலாம், எதைக் கழிக்கலாம் என்று கொஞ்சம் யோசிப்பார். வியாபாரத்துக்காக வைப்பவர் துணித் துண்டையும் வைப்பார்.

நம் பக்கத்து நிலைமையை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தால் அலுமினியத் தகட்டை எடைக்குப் போடுவது நம் அச்சகங்களின் வழக்கம். ஜாப் கவர் கொஞ்ச காலம் இருக்கும், பிறகு இட நெருக்கடியில் அதுவும் போகும். வாடகை கொடுக்கிறவருக்குத்தான் அதன் வலி தெரியும், நான் குறை சொல்ல மாட்டேன். டைக் குடும்பத்துக்குச் சொந்தத் தொழிற்சாலை இருந்தது, பெரிய கோடவுன் இருந்தது, தலைமுறை மாறியும் வெகுகாலம் கம்பெனி வேறு கைக்குப் போகவில்லை. மகன்கள் உள்ளே வந்தார்கள். அப்பா கட்டிய வரிசையைக் கலைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குடும்பத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். லண்டனின் ராஃபேல் டக் அண்ட் சன்ஸ். புகழில் டைக்கைவிடப் பெரிய பெயர். ராஃபேல் டக் பிரஷ்யாவின் போசன் பகுதியிலிருந்து மனைவி எர்னஸ்டீனோடும் பிள்ளைகளோடும் லண்டனுக்கு வந்தவர். 1866இல் சின்னதாக ஒரு கடை. படமும் சட்டமும் விற்றார்கள். கடையை நடத்தியதில் எர்னஸ்டீனின் பங்கு பெரிது. ஹெர்மன், அடால்ஃப், குஸ்டவ் என்ற மூன்று பையன்களும் மாதிரிகளோடு தெருத் தெருவாக ஆர்டர் பிடிக்கப் போவார்கள் என்றும், அன்றைக்கு யார் அதிகம் விற்றாரோ அவருக்குத்தான் மறுநாள் காலையில் பெரிய முட்டை என்றும் ஒரு குடும்பக் கதை உண்டு. முட்டைக் கதை எவ்வளவு உண்மையோ, அடால்ஃப் கெட்டிக்காரர் என்பது உண்மை. தனியார் அச்சடித்த கார்டுக்கு வழிவிடச் சொல்லி பிரிட்டிஷ் அஞ்சல் துறையோடு மல்லுக்கு நின்றவர்களில் அவர் முக்கியமானவர். 1894இல் அனுமதி வந்தது. உலகில் மற்ற நாடுகளில் வழங்கிய முழு அளவுக் கார்டுக்கு 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1893இல் அரண்மனையின் அங்கீகாரம், 1910இல் அடால்ஃபுக்குப் பட்டம். ஓவியர்களைக் கொண்டு வரையவைத்து, எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும்படி அடித்த அவர்களுடைய ஆயிலெட் கார்டுகள் 1903இலிருந்து உலகமெல்லாம் போயின. பரந்த உலகம் என்ற பொருளில் ஒரு தொடரே போட்டார்கள், அதில் இலங்கைக் காட்சிகளும் வந்தன. அச்சு? பல காலம் அதிலும் ஜெர்மனியின் சாக்சனிதான்.

1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் லண்டன் நகரின் மையத்தில் தீக்குண்டுகளைக் கொட்டின. செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த புத்தகக் கடைத் தெரு எரிந்தது. மூர்ஃபீல்ட்ஸில் இருந்த ராஃபேல் ஹவுஸும் எரிந்தது. மூல ஓவியங்கள், ஒப்பந்தங்கள், கணக்குப் புத்தகங்கள், எழுபது வருடத்துப் பதிவுகள் போய்விட்டன. எந்த ஓவியர் எதை வரைந்தார், எந்தப் படம் எத்தனை விற்றது, எதை மறுத்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் காகிதம் இல்லை. கம்பெனி அதற்குப் பிறகும் நடந்தது. குடும்பத்தின் கடைசி ஆளான டெஸ்மண்ட் டக் 1959இல் ஓய்வு பெற்றார், பிறகு கம்பெனி வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. இன்றைக்கு டக் கம்பெனியின் முழுப் பட்டியலைத் தயாரிக்க முயல்கிறவர்கள் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் இருக்கும் கார்டுகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறார்கள். விற்ற பொருள் உலகமெங்கும் சிதறிப் பிழைத்தது. அதைச் செய்த விதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் ஒரே இரவில் போயிற்று. டைக் உறைகள் தப்பியதில் ஒழுங்குக்கு எவ்வளவு பங்கோ, குண்டு விழாத ஊரில் இருந்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அதே போர் சிகாகோவில் வேறு விதமாக வந்தது. கர்ட் டைக் கம்பெனி ராணுவத்துக்கு வரைபடங்களைப் பெரும் எண்ணிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தது. ஜெர்மனியில் பிறந்தவரின் அச்சகம் ஜெர்மனிக்கு எதிரான போருக்கு மேப் அடித்தது. போருக்குப் பிறகு வண்ணப் பிலிம் வந்தது. கோடாக்ரோம் சிலைடிலிருந்தே நேராக அச்சுக்குப் போகலாம். பளபளப்பான கார்டு, உள்ளது உள்ளபடி நிறம். கம்பெனியும் கர்டைக்கலர் என்ற பெயரில் அந்தப் பக்கம் திரும்பியது. லினன் கார்டு 1950களில் மெல்ல நின்றது.

இந்தத் திருப்பத்தை ஆவணக் கண்ணோடு பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. வண்ணம் கேமராவுக்குள்ளேயே அமைந்துவிட்ட பிறகு, கூரை என்ன நிறம் என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. துணித் துண்டு அனுப்ப வேண்டியதில்லை. உறை மெலிந்துவிட்டது. கார்டு எந்தக் காலத்தில் அதிகமாகப் புனைந்ததோ, அந்தக் காலத்துக்குத்தான் நம்மிடம் அதிகமான ஆதாரம் இருக்கிறது. கார்டு உண்மைக்கு நெருங்கி வந்த காலத்தில் அதைப் பற்றிச் சொல்ல உறைக்குள் அதிகமில்லை. புகைப்படம் வந்தால் ஆவணம் பெருகும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே நடந்தது அதற்கு மாறானது.

வாக்கர் எவன்ஸ் என்ற பெரிய புகைப்படக்காரரை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். மந்த காலத்து அமெரிக்காவின் ஏழை விவசாயிகளைப் படமெடுத்தவர். சிறுவனாக இருந்தபோதே படக்கார்டு சேர்க்கத் தொடங்கி, ஏறத்தாழ 9,000 கார்டுகள் வைத்திருந்தார். இப்போது அவை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1948இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் அவற்றைப் பற்றி எழுதினார். அவர் மதித்தது நூற்றாண்டின் தொடக்கத்து எளிய தெருக் கார்டுகளை; பிற்காலத்துப் பளபளப்பின் மேல் அவருக்கு மரியாதை இல்லை. கண்ணுக்கு அவர் சொல்வது சரி. டைக்கின் லினன் கார்டில் பாதிக்கு மேல் என் கண்ணுக்கும் மிட்டாய்க்கடை விளம்பரம்தான். ஆனால் எவன்ஸ் பார்த்தது கார்டை மட்டும். கோடவுன் அப்போது திறக்கவில்லை.

1974இல் கர்ட் டைக் இறந்தார். அச்சகம் வேறு கைக்கு மாறி 1978இல் கார்டு அடிப்பதை நிறுத்திற்று. கோடவுனில் இருந்ததை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, குடும்பம் அதை எடைக்குப் போடவில்லை, ஏலம் விட்டுச் சிதற அடிக்கவும் இல்லை. தனித்தனிக் கார்டாக விற்றிருந்தால் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்திருப்பார்கள், உறைகள் குப்பைக்குப் போயிருக்கும். 1982இல் மொத்தமாக இல்லினாய் மாநிலத்தின் லேக் கவுன்டி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். கார்டுப் படங்கள் மட்டுமே மூன்றரை லட்சத்துக்கு மேல். உறைகள் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தின் தோளுக்கு இது பெரிய சுமை. முப்பது வருடத்துக்கு மேல் அவர்கள் சுமந்து, வகைப்படுத்தி, கணிசமான பகுதியை மின்படியாக்கினார்கள். 2016இல் தொகுப்பு சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்துக்குப் போனது.

இப்போது யார் பார்க்க வருகிறார்கள் என்றால், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறவர்கள் வருகிறார்கள். முகப்பு முதலில் எப்படி இருந்தது என்று மூலப் போட்டோவில் பார்க்கிறார்கள். கார்டில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஓவியர் அங்கே ஒரு மரத்தை நட்டிருப்பார். நெடுஞ்சாலை வரலாறு எழுதுகிறவர்கள், நியான் விளக்கை ஆராய்கிறவர்கள், உள் அலங்காரம் படிக்கிறவர்கள் வருகிறார்கள். 1938இல் ஓட்டல் திரைச்சீலை என்ன நிறம் என்று ஊகிக்கத் தேவையில்லை, திரைச்சீலையே இருக்கிறது.

எல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் கொடுத்தவரின் ஊர்தான் உறையில் இருக்கிறது. கம்பெனி இருந்த அதே சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்களின் கடைத்தெரு, இசைக் கூடங்கள், செய்தித்தாள், வங்கி எல்லாம் செழித்த காலம் அது. ஊரின் காட்சி என்று விற்ற கார்டுகளில் அந்தத் தெருக்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஆனால் கறுப்பின மக்களைக் கேலிப் பொம்மைகளாக வரைந்த நகைச்சுவைக் கார்டுகளை இதே அச்சகம் போட்டு விற்றது. அவையும் தொகுப்பில் எண்ணோடு, வரிசையோடு இருக்கின்றன. கம்பெனியின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் நகர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அது கூடாது. மறு ஆர்டருக்காகக் கட்டிய வரிசை தனக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கேலிக் கார்டுக்கு ஆர்டர் கொடுத்த கடைக்காரரின் பெயரும் ஊரும் எத்தனை எடுத்தார் என்பதும் எங்கே பதிவாகியிருக்குமோ, அங்கேதான் தேடியாக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு இல்லாமையும் உண்டு. வானம் போட்டவர்கள், கம்பம் அழித்தவர்கள், பகலை இரவாக்கியவர்கள் யார்? கார்டில் கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஆர்டர் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. கை வைத்த ஓவியரின் பெயர் இல்லை. உறைக்குள் குறிப்புத் தாளில் அவர்களுடைய கையெழுத்து வருகிறது, தூரிகை ஒற்றிப் பார்த்த நிறத் திட்டுகள் வருகின்றன. ஒரே கையெழுத்து எந்தெந்த உறைகளில் திரும்ப வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை இன்றைய கணினியைக் கொண்டு செய்யலாம். மின்படிகளில் ஒரு பகுதி இணையத்திலேயே இருப்பதால் இங்கிருந்தும் தொடங்கலாம். அச்சுத்துறையிலும் நூலகவியலிலும் ஆய்வுத் தலைப்பு தேடுகிற மாணவர்கள் இந்த அவையில் இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.